வெட்டாமல் விட்ட சிரிப்பு

விவாத மேடையில் நடு நாற்காலியில் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு, அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்துவிட்ட ஒருத்தி எழுதுவது. கேள்வியை எப்படிப் போடுவது, நேரத்தை எப்படிப் பிரிப்பது, கத்துகிறவரின் மைக்கை எப்போது தணிப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சீக்கிரமே கைவந்துவிடும். அதைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். எனக்கு இப்போது மத்தியானம் படுத்துத் தூங்கும் சுகம் கிடைத்திருக்கிறது. அரைத் தூக்கத்தில் அடிக்கடி ஒரு மணல்வெளி வரும். அந்தி வெளிச்சத்தில் சிலர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சண்டை போடுவார்கள். யார் பேசுகிறார்கள் என்று முகம் தெரியாது, குரல் மட்டும் மிதந்து வரும். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் காலடியில் மணல் இருப்பது போலவே இருக்கும். அந்த மணலில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நம் சேனலுக்கு ஸ்டுடியோ என்று இருந்தது, அரியலூரில் ஒரு உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை. கோடையில் அதற்குள் ஆட்களை உட்காரவைத்து மதம், அரசியல் பேசச் சொன்னால், பேச்சு சூடாவதற்குள் ஆட்கள் வெந்துவிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பாகும் விவாதத்தை முந்தின நாளே, வெயில் தாழ்ந்ததும், திருமழபாடிக்குக் கொஞ்சம் தள்ளி கொள்ளிடத்து மணலில் வைத்துப் பதிவு செய்வோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். கோபம் ஏற ஏற நாற்காலிக் கால்கள் மணலில் இறங்கும். கடைசியில் எல்லாரும் ஒருபக்கம் சாய்ந்தபடிதான் கொள்கை பேசுவார்கள். சுற்றி நிற்கும் ஊர்க்காரர்களுக்கு அதுவே பாதி வேடிக்கை.

எங்களிடம் இருந்தது ஒரே கேமரா. அதைப் பிடித்தவர் கல்யாண வீடியோ எடுத்துப் பழகியவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் மாப்பிள்ளையின் கையைப் படம் பிடித்தால், இவர் பெண்ணின் அப்பாவைப் பிடிப்பார். "பேசறவன் மூஞ்சில என்ன மேடம் இருக்கு? வாய் அசையுது, அவ்ளோதான். கேக்கறவன் மூஞ்சிலதான் எல்லாம் நடக்குது" என்பார். யாராவது பேசிச் சூடு பிடித்தால் போதும், கேமரா மெல்ல நகர்ந்து எதிரில் இருப்பவர் முகத்தில் போய் நிற்கும். அதுவே எங்கள் சேனலின் வழக்கமாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைய தலைப்பு, 'பிறர் நம்பிக்கையைக் கேலி பேச உரிமை உண்டா?' கூடாது என்ற பக்கம் கலியபெருமாள். ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், ஊர்த் திருவிழாவை முன்நின்று நடத்துபவர், ஒரு கட்சியில் ஒன்றிய அளவில் பொறுப்பு எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர். உண்டு என்ற பக்கம் செந்துறைச் செல்வமணி. பழுத்த நாத்திகன். பிழைப்போ மைக் செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுவது. அவனுக்குச் சோறு போடுவது முழுக்க முழுக்கக் கோயில் திருவிழாக்கள்தான். இதில் ஒரு முரணும் அவனுக்குத் தெரிந்ததில்லை. கலியபெருமாள் ஊர்த் திருவிழாவுக்கே அப்போது அவன் ஆட்கள்தான் கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சூரியன் இறங்கும் நேரத்தில் செல்வமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"என் ஆம்ப்ளிஃபயர் இல்லன்னா உங்க சாமிக்குக் குரலே கிடையாதுங்க. ஊரு ஊரா சாமிய பேச வெக்கிறவனே நாந்தான்!"

கலியபெருமாள் வெடித்துச் சிரித்தார். சும்மா மரியாதைச் சிரிப்பு இல்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணி வர. நாற்காலி இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. அவர் ஓயட்டும் என்று காத்திருந்து செல்வமணி தொடர்ந்தான்.

"இப்படித்தாங்க என் பொண்டாட்டிகிட்ட பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். போன வருசம் ஆத்தங்கரையில ஒரு ஊரு. அம்மன் பொறப்படற நேரம் பாத்து கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டரும் மக்கர். நான் ஒயரப் புடிச்சிக்கிட்டு அலையறேன். பொம்பளைங்க பாட ஆரம்பிச்சாங்க. அப்பறம் ஊரே பாடுச்சு. அக்கரையில இருந்து எவனோ டார்ச் அடிச்சுக் காட்டறான், கேக்குதுன்னு. நான் ஒயர கீழ போட்டுட்டு நின்னுட்டேன். சாமி நம்பிக்கை எனக்கு அன்னைக்கும் வரல, இன்னைக்கும் இல்ல. ஆனா என் மிஷினுக்கு அங்க வேலை இல்லன்னு தெரிஞ்சுது. கேலி பண்ணலாமான்னு கேக்கறீங்க. நான் பண்ணுவேங்க. அந்தப் பாட்டுக்கு அதனால ஒரு கொறையும் வராது."

யாரும் கை தட்டவில்லை. ஆற்றின் நடுவில் ஒரு கொக்கு எழுந்து பறந்தது. அடுத்த கேள்வி என்ன என்பதே எனக்கு மறந்துபோனது. இத்தனை வருட வேலையில் அப்படிக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

கூட்டத்தில் நின்ற எவனோ தன் போனில் பிடித்திருக்கிறான். நாங்கள் அரியலூர் திரும்புவதற்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டது. 'உங்க சாமிக்குக் குரலே கிடையாது' என்று தொடங்கி 'பேச வெக்கிறவனே நாந்தான்' என்பதோடு முடிந்துவிடும் துண்டு. மேலே, 'சாமிக்கே வாய் கொடுத்தவனாம்! உணர்வுள்ளவர்கள் பகிருங்கள்' என்று ஒரு வரி.

ஞாயிறு காலை செல்வமணியிடமிருந்து போன்.

"அக்கா, மூணு ஊர்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, உன் மைக் செட்டு வேணாம்னு. கலியபெருமாள் அண்ணன் ஊர்ல இன்னைக்கு சாயங்காலம் கூட்டம் போடறாங்களாம். கட்டினத அவுத்து வீசிடணும்னு. அங்க அவுத்துட்டா அவ்ளோதான்க்கா, ஒரு ஊரும் என்னைச் சேக்காது. கடைக்கு முன்னாடி வேற பசங்க வந்து நிக்கறானுங்க. ஷட்டர பாதி இறக்கிட்டு உள்ள உக்காந்திருக்கேன். மன்னிப்பு கேட்டு ஒரு வீடியோ போட்டுடவா?"

பின்னால் அவன் மனைவி, "வாயி, வாயி, இந்த வாயாலதான் கெட்டே" என்று அழுகிற சத்தம் கேட்டது.

"நீ சொன்னதுக்கு மன்னிப்பு கேக்கணும்னா கேளு. நீ சொல்லாததுக்குக் கேக்காதே. சாயங்காலம் வரைக்கும் பொறு" என்றேன்.

முழுப் பேச்சு இருந்தது எங்கள் பதிவில் மட்டும்தான். கூட்டம் கூடும் நேரத்துக்கு அதைக் கேபிளிலும் யூடியூபிலும் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று எடிட்டிங்கில் உட்கார்ந்தேன். ஓட்டிப் பார்த்தால் தலையில் இடி. செல்வமணி குரல்தான் ஓடுகிறது. திரையில் முழுக்கக் கலியபெருமாள் சிரிப்பு. எங்கள் வழக்கப்படி கேமரா கேட்டவர் முகத்துக்குப் போயிருந்தது. இதைப் போட்டால் செல்வமணி தப்பிப்பான். 'சாமியைக் கேலி செய்யும்போது வயிறு குலுங்கச் சிரித்த ஆள்' என்று அன்றைக்கே கலியபெருமாள் மாட்டிக்கொள்வார். அவரும் நம்மை நம்பி மணலில் வந்து உட்கார்ந்தவர்தானே?

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, எதையும் போடாதீங்க மேடம், தானா அடங்கிடும் என்றார். சேனல் முதலாளி வேறொன்று சொன்னார்.

"போடலாம் மேடம். அண்ணன் சிரிக்கிற இடத்துல மட்டும் ஒரு கோபுரம் படத்தப் போட்டு மூடிடுங்க. சிரிப்புச் சத்தத்தையும் எடுத்துடுங்க. ரெண்டு பேரும் பொழச்சாங்க, நாமளும் பொழச்சோம்."

நல்ல யோசனை என்றுதான் முதலில் பட்டது. எடிட்டிங் தெரிந்த யாருக்கும் அது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. ஆனால் கோபுரத்தைப் போட்டுப் பார்த்தபோது பேச்சே மாறிவிட்டது. எதிரில் இருந்தவர் சிரித்ததால்தான் அது இரண்டு பேருக்கு இடையிலான கேலி. சிரிப்பை எடுத்தால் அது வெறும் திமிராக நின்றது. எவனோ பின்பாதியை வெட்டினான், நாங்கள் நடுப்பகுதியை வெட்டுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. கோபுரத்தை எடுத்துவிட்டு, ஆபீஸ் வண்டியை எடுக்கச் சொல்லி ஆண்டிமடம் புறப்பட்டேன்.

கலியபெருமாளை வரச் சொல்ல முடியாது. முந்தின இரவு ஊர் திரும்பியதும் அவர் காப்பு கட்டிக்கொண்டுவிட்டார். திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்.

ஜெயங்கொண்டம் தாண்டும்வரை சிமெண்ட் லாரிகளின் வெள்ளைப் புழுதி. அப்புறம் முந்திரிக் காடு தொடங்கியது. பழுத்த முந்திரிப் பழத்தின் வாசனை புளிப்பும் தித்திப்புமாக வண்டிக்குள் வந்து, வந்த காரியமே மறந்துவிடும்போல் கண்ணைச் செருகியது. தரையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பழம். கிளைகளுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுந்திருந்தது. தூரத்தில் யாரோ பெண்கள் பேசிச் சிரிப்பது ஒரு சமயம் பக்கத்திலும் ஒரு சமயம் எங்கோ தொலைவிலும் கேட்டது. சண்டை என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதாகவே தோன்றவில்லை.

கலியபெருமாள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

"வாங்க மேடம். எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். பாத்து உக்காருங்க, சாறு பட்டா சீலைக்கு ஆகாது."

"அவன் முழுசா என்ன சொன்னான்னு உங்களுக்குத் தெரியும்ல அண்ணே?"

"எதிர்லதானே உக்காந்திருந்தேன், தெரியாம என்ன? நல்லாத்தான் சொன்னான். ராத்திரி காப்பு கட்டறப்பகூட அந்த டார்ச் லைட்டு நெனப்புதான்."

"அத ஊர்ல சொல்லலாமே."

"சொன்னா, அவன் அப்படிப் பேசறப்ப நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு கேப்பானுங்க. என்னத்தச் சொல்ல? காப்பு கட்டின கையோட பொய் சொல்லவும் முடியாது." கொட்டையைக் கூடையில் போட்டார். "உங்க ஆளு கேமராவ எம்மேலதானே வெச்சிருந்தான்?"

"ஆமாண்ணே."

"அந்தச் சிரிப்ப மட்டும் எடுத்துட்டுப் போட்டுடுங்களேன்."

"எடுக்கலாம்ண்ணே. ரொம்பச் சுலபம். அவன் பேச்ச வெட்டினவனுக்கும் சுலபமாத்தான் இருந்திருக்கும்."

அவர் முகம் கறுத்தது. தோப்புக்குள் ஏதோ பழம் விழும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

"அப்ப நீங்க என்னைக் கேக்க வரல. சொல்லிட்டுப் போக வந்திருக்கீங்க."

"ஆமாண்ணே. டிவியில பாத்துதான் நீங்க தெரிஞ்சுக்கணும்னு ஆகக் கூடாது. ஏன் சிரிச்சேன்னு நீங்க சொல்றதா இருந்தா, இப்பவே போன்ல எடுத்து, கூடவே போடறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போடாதீங்கன்னுதான் சொல்லுவேன். போயிட்டு வாங்க."

முதுகைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார். வண்டிக்கு நடந்துகொண்டே முதலாளியைக் கூப்பிட்டு, இருக்கிறது இருக்கிறபடி போடச் சொன்னேன்.

"கேபிள அறுத்துட்டானுங்கன்னா?"

"அறுத்தா ஒட்டிக்கலாம். போடுங்க சார்."

டிரைவர் அரியலூர் பக்கம் வண்டியைத் திருப்பினார். வேண்டாம், இந்த ஊர்க் கோயிலுக்கு விடுங்க என்றேன். பிள்ளைகளே, இதை நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் தலையில் விழப்போவதை ஒளிபரப்பினால், அது விழும் இடத்தில் நீங்களும் இருக்கப் பாருங்கள். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

கோயில் வாசலில் சீரியல் லைட்டை யாரோ சோதித்துப் பார்க்கப் போட்டு, அணைக்க மறந்திருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் சின்னச் சின்ன பல்புகள் வெளிறி எரிந்தன. வேப்ப மரத்திலும் தண்ணீர்த் தொட்டி மேலும் கூம்பு ஸ்பீக்கர்கள். அவிழ்ப்பதற்கு ஏணி கொண்டுவந்து தயாராகச் சாத்தியிருந்தார்கள். மண்டபத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள்.

"வந்துட்டாங்கப்பா. நடுநிலைன்னு சொல்லிக்கிட்டு எல்லாத்தையும் மூட்டி விடறதே இவங்கதான்" என்றார் ஒருவர்.

"திட்டுங்க, வேணாங்கல. இப்ப முழுசும் போடறாங்க. பாத்துட்டுத் திட்டுங்க" என்றேன். தைரியம் எல்லாம் இல்லை.

ஒரு போனைச் சுற்றி அத்தனை தலையும் குனிந்தன. ஒன்றும் கேட்கவில்லை, ஆளுக்கு ஆள் சத்தம் போட்டார்கள். அப்போதுதான் கலியபெருமாள் வந்தார். கையில் முந்திரிச் சாற்றுக் கறை அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒரு போன்ல இத்தன தலைய விட்டா எவனுக்குக் கேக்கும்? மைக் செட்ல கொடுங்கடா. கேக்கறது எல்லாரும் கேக்கட்டும்."

கொடுத்தார்கள். அடுத்த கணம் செல்வமணியின் குரல் அவனுடைய கூம்புகளிலிருந்தே ஊர் முழுக்க விழுந்தது. வேப்ப மரத்திலிருந்து ஒரு தரம், தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொஞ்சம் பிந்தி இன்னொரு தரம். வீட்டுக்குள்ளிருந்த பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். 'பேச வெக்கிறவனே நாந்தான்' என்ற இடம் வந்தது. கையை முறுக்கிக்கொண்டு சிலர் எழுந்தார்கள். உடனே அந்தச் சிரிப்பு.

படமே தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சிரிப்பை ஊருக்குத் தெரியாதா? கோபுரத்தைப் போட்டு நான் எதை மூடியிருப்பேன்? எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது.

"அண்ணே... இது நீங்களா?"

கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் கன்னம் துடித்ததை நான் பார்த்தேன். கோபமா அழுகையா என்று புரியவில்லை. அடக்கப் பார்த்து முடியாமல், மறுபடியும் சிரித்துவிட்டார். மேலே மரத்தில் ஒரு கலியபெருமாள், கீழே ஒரு கலியபெருமாள், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"நாந்தான்டா! சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அவன் கேலிக்கு நம்ம ஆத்தா கொறஞ்சு போயிடுவாளா? அப்படி நெனச்சா நமக்குத்தான்டா நம்பிக்கை இல்ல. மீதியக் கேளுங்க."

மீதி ஓடியது. கரண்ட் போனது, ஊரே பாடியது, அக்கரையில் டார்ச் அசைந்தது. ஏணிக்காரர்கள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பேச்சு முடிந்தும் யாரும் போனைப் பிடுங்கவில்லை. விவாதம் தன் பாட்டுக்கு ஓடியது. நான் அடுத்த கேள்வி மறந்து தடுமாறியதையும் ஊர் முழுக்கக் கேட்டு முடித்தார்கள். வெளிச்சம் போகப் போக அதுவரை வெளிறிக் கிடந்த பல்புகளுக்கு நிறம் வந்தது. யாரும் எதையும் அவிழ்க்கவில்லை. ஷட்டரைத் தூக்கச் சொல்லிச் செல்வமணிக்கு அங்கிருந்தே போன் செய்தேன். ஷட்டர் மேலே ஏறும் சத்தம் போனில் கேட்டது.

இதோடு சுபம் என்று போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவனை வேண்டாம் என்ற ஊர்களில் ஒன்று இன்றுவரை திரும்பக் கூப்பிடவில்லை. அவனுடைய நாத்திகத் தோழர்கள், 'என்ன தோழர், எப்ப தீ மிதிக்கிறீங்க?' என்று கேட்டு உயிரை எடுத்தார்களாம். "அக்கா, முழுசாப் போட்டு என்னைப் பக்தனாக்கிட்டீங்களே" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். முழுசாகப் போட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வலிக்கும். வலிக்கவில்லை என்றால் எங்கேயோ கத்தரி பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அதிகம் வலித்தது கலியபெருமாளுக்குத்தான். ஒன்றியப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அடுத்த திருவிழாவில் அவரைக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நிற்க வைத்தார்கள். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனசு கனத்துப்போகும். போட்டது சரி என்றும் தெரியும், கனப்பதும் நிற்காது. இரண்டையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

அவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார் என்றே நினைத்திருந்தேன். நான் ஓய்வு பெறப்போகும் சமயம் ஒரு நாள் அவரிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்தார். முந்திரி விளைச்சலைச் சொன்னார். வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தபோது தொண்டையைச் செருமினார்.

"மேடம், போறதுக்கு முன்னாடி மணல்ல இன்னொரு விவாதம் வெப்பீங்களா?"

"வெக்கலாம்ண்ணே. தலைப்பு என்ன வேணும்?"

"என்ன எழவு தலைப்பு வேணா வைங்க. எதிர்ல செல்வமணிய உக்கார வைங்க. இப்பல்லாம் எல்லாரும் என்கிட்ட பாத்துப் பாத்துப் பேசறானுங்க. சிரிச்சு ரொம்ப நாளாச்சு."